சேக்வான் பார்க்லியைப் போகவிட்டது சரியா? ஒரு ஜயண்ட்ஸ் ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் குடியிருப்பவனுக்கு அமெரிக்கக் கால்பந்து என்பது எல்லைத் தகராறு. வடக்கே போனால் நியூயார்க் ஜயண்ட்ஸ் கொடி, தெற்கே போனால் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கொடி. நான் எடிசனில் இருக்கிறேன், ஜயண்ட்ஸ் கட்சி. என் மனைவியின் தம்பி செர்ரி ஹில்லில் இருக்கிறான், ஈகிள்ஸ் கட்சி. 2024 மார்ச்சில் எங்கள் அணியின் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி அவனுடைய அணிக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து வீட்டு விசேஷம், கோவில், பிள்ளைகளின் பிறந்தநாள் என்று எங்கே போனாலும் என்னைப் பிடித்து நிறுத்தி இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்தப் பக்கம்.

முதலில், ரன்னிங் பேக் என்பவர் யார்?

பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர். குவார்ட்டர்பேக் பந்தை எறிவார், அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் வயிற்றோடு சேர்த்துத் திணிப்பார். திணித்த மறுகணம் எதிரே ஏழெட்டுப் பேர் அவரைச் சாய்க்க வருவார்கள். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறினால் அணி பந்தைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக நான்கு கஜத்துக்குச் சற்று மேல் கிடைத்தால் பரவாயில்லை, ஐந்து கிடைத்தால் கொண்டாடுவார்கள். (யார்டு என்பதும் கஜம் என்பதும் ஒன்றே. புடவைக் கடையில் அளக்கிற அதே மூன்றடி.)

பார்க்லி விஷயத்தில் என்னதான் நடந்தது?

2018இல் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஜயண்ட்ஸ் இரண்டாவதாக எடுத்தது இவரைத்தான். முதல் பருவத்திலேயே 1,307 கஜம் ஓடினார், 91 பந்துகளைப் பிடித்தார், சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். 2020 செப்டம்பரில் சிகாகோவில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2022இல் மீண்டு வந்து 1,312 கஜம். 2023இல் நீண்டகால ஒப்பந்தம் கேட்டார். அணி ஓராண்டுக்கு மட்டும் கட்டிப்போட்டது. 2024 மார்ச்சில் கட்டு அவிழ்ந்தது. மூன்று ஆண்டுக்கு 3.775 கோடி டாலர் என்று ஈகிள்ஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டது.

அந்தப் பருவத்தில் ஈகிள்ஸுக்காக 16 ஆட்டங்களில் 2,005 கஜம் ஓடினார். என்.எஃப்.எல். என்ற இந்த லீக்கின் வரலாற்றில் ஒரே பருவத்தில் இரண்டாயிரத்தைத் தொட்ட ஒன்பதாவது ஆள். 2025 பிப்ரவரி 9ஆம் தேதி, தம் 28ஆவது பிறந்தநாளில், நியூ ஆர்லியன்ஸில், லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலின் கோப்பையைத் தூக்கினார். அதே பருவத்தில் ஜயண்ட்ஸ் 17 ஆட்டங்களில் மூன்றே மூன்றை வென்றது.

அவ்வளவு நல்லவரை ஏன் விட்டார்கள்? பணம் இல்லையா?

பணம் இருக்கிறது. செலவழிக்கத்தான் அனுமதி இல்லை. ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு, 2023இல் 22.48 கோடி டாலர், 2024இல் 25.54 கோடி. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இந்தக் கோட்டுக்குள்தான் 53 பேரின் சம்பளமும் அடங்க வேண்டும். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பார்க்லியின் கதை புரிய வேண்டுமானால் 2023 மார்ச் 7ஆம் தேதிக்குப் போக வேண்டும். ஃபிரான்சைஸ் டேக் என்று ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து வெளியே போகவேண்டிய ஒரு வீரரை, லீக் நிர்ணயிக்கிற தொகையைக் கொடுத்து, அவர் விருப்பத்தைக் கேட்காமலே ஓராண்டு நிறுத்திவைக்கலாம். ஆண்டுக்கு ஓர் அணி ஒருவர்மேல்தான் இதைப் பயன்படுத்த முடியும். அன்று ஜயண்ட்ஸில் இரண்டு பேருக்கு ஒப்பந்தம் முடிந்திருந்தது: குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ், ரன்னிங் பேக் பார்க்லி. மாலை நான்கு மணிக் கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜோன்ஸுக்கு நான்கு ஆண்டு, 16 கோடி டாலர் என்று முடிவானது. கையில் இருந்த ஒரே டேக் பார்க்லியின் தலையில் விழுந்தது. ஒரு கோடியே 91 ஆயிரம் டாலர், ஓராண்டுக்கு.

முந்தைய ஆண்டு அந்த அணியை யார் சுமந்து பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்று வரைக்கும் கொண்டுபோனார் என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் பார்க்லியின் 26ஆம் எண்ணைத்தான் காட்டியிருப்பார். மாடு உழுதது, கொம்புக்குப் பூச்சூட்டினார்கள். உழுத மாட்டைத் தொழுவத்தில் கட்டிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டும் டேக் போட்டிருக்கலாம். விதிப்படி 20 சதவீதம் கூட்டி, சுமார் 1.21 கோடி கொடுத்திருந்தால் போதும். பொது மேலாளர் ஜோ ஷேன் அதைச் செய்யவில்லை. சந்தையில் விலை பார்த்துவிட்டு வாருங்கள் என்று விட்டார். சந்தை ஈகிள்ஸ் உருவத்தில் வந்து நின்றது.

ரன்னிங் பேக் விஷயத்தில் மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

சூடு கண்ட பூனைகள். டாட் கர்லிக்கு 2018இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 5.75 கோடிக்கு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தது. 2020 மார்ச்சில் வெளியே அனுப்பியது. எசக்கியல் எலியட்டுக்கு டல்லஸ் 2019இல் ஆறு ஆண்டு, 9 கோடி. 2023 மார்ச்சில் விடுவித்தது. லெவியான் பெல் டேக்கை எதிர்த்து 2018 பருவம் முழுக்க ஆடாமலே உட்கார்ந்தார். பிறகு நியூயார்க் ஜெட்ஸில் பெரிய தொகைக்குச் சேர்ந்து, இரண்டாவது பருவத்தின் நடுவிலேயே வெளியேறினார். மேலாளர்கள் எல்லோர் மேசையிலும் இந்த மூன்று பெயர்களும் இருக்கும்.

அதன் பின்னணியில் உடல் கணக்கு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கொடூரமானது. புதிதாக வரும் வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்றால் அணி நினைத்தால் ஐந்தாவது ஆண்டும் சேரும். சம்பளம் முன்கூட்டியே விதிக்கப்பட்டது, பேரம் பேச இடமில்லை. அதற்குமேல் டேக். இதெல்லாம் முடிந்து ஒரு ரன்னிங் பேக் முதன்முதலாகச் சுதந்திரமாகச் சந்தைக்கு வரும்போது 26, 27 வயது. ஆயிரம் தடவைக்குமேல் இடி வாங்கிய உடம்பு. அவருடைய நல்ல ஆண்டுகளை மலிவாக வாங்கிக்கொண்டு, விலை கேட்கும் நேரத்தில் "உனக்கு வயதாகிவிட்டது" என்பது ஏற்பாடு. குவார்ட்டர்பேக்குக்கு அந்த வயதில்தான் வாழ்க்கை ஆரம்பம்.

2023 ஜூலையில் பார்க்லி, ஜோஷ் ஜேக்கப்ஸ், டோனி போலார்ட் மூவரும் டேக்கில் மாட்டி, நீண்ட ஒப்பந்தம் இல்லாமலே கெடு தாண்டியது. சில நாட்களில் லீக்கின் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூமில் கூடி, என்ன செய்வது என்று பேசினார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை, தொழிற்சங்க ஒப்பந்தமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாயிரம் கஜம் ஓடிவிட்டாரே! அந்தக் கணக்கெல்லாம் தப்பு என்று ஆகிவிட்டதே?

என் மைத்துனனின் கட்சி இது. எதிர்க்கட்சியும் அதே 2,005ஐத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறது என்பதுதான் வேடிக்கை. ஒருவர், "பார்த்தாயா, நல்ல ரன்னிங் பேக்குக்குக் கொடுத்தால் கோப்பை" என்கிறார். மற்றவர், "பார்த்தாயா, ஓடினது அவரல்ல, முன்னால் நின்ற ஐந்து பேர்" என்கிறார்.

நான் இரண்டாவது கட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அந்த ஐந்து பேரை லைன்மேன் என்பார்கள். லைன்மேன் என்றதும் நமக்கு மின்வாரிய ஊழியர்தான் நினைவுக்கு வருவார். பரவாயில்லை, இவர்கள் வேலை செய்யாவிட்டாலும் இருட்டுதான். 2024இல் ஈகிள்ஸின் இடது ஓரத்தில் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர், இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், 160 கிலோவுக்கு மேல் எடை. வலது ஓரத்தில் லேன் ஜான்சன், பத்தாண்டுக்கு மேலாக அதே இடத்தில். நடுவில் லாண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கன்ஸ். ஐந்தாவதாக மெக்காய் பெக்டன். ஜெட்ஸ் முதல் சுற்றில் எடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்ட ஆள், ஈகிள்ஸ் மலிவாகக் கூட்டிவந்து இடம் மாற்றி நிறுத்தியது. எல்லோரையும் வடித்தெடுத்தவர் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட்.

2024 அக்டோபர் 20ஆம் தேதி ஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில் மேல்தட்டில் நான் இருந்தேன். பார்க்லி பழைய வீட்டுக்கு முதன்முறை எதிராளியாக வந்த நாள். பந்தைத் தொட்ட போதெல்லாம் என்னைச் சுற்றி ஊளை. எனக்கு ஊளையிடத் தோன்றவில்லை, கைதட்டவும் முடியவில்லை. கையில் காப்பி இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேலிருந்து பார்க்கும்போது தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று தெரிந்தது. பந்து நகர்ந்ததும் ஐந்து பச்சைச் சட்டைகளும் ஒரே ஆள்போல ஒரு பக்கம் சாய்ந்தன. எங்கள் நீலச் சட்டைகள் அவற்றோடு சேர்ந்து தேர்போல நகர்ந்தன. பின்னால் ஓர் இடைவெளி விழுந்தது, ஒரு கார் நுழையும் அகலம். ஜயண்ட்ஸில் ஆறு ஆண்டும் பார்க்லி பந்தை வாங்கிய இடத்திலேயே ஒருவனை ஏமாற்றிவிட்டுத்தான் முதல் அடியே வைக்க வேண்டும். இங்கே அவர் நான்கைந்து அடி சும்மா ஓடிய பிறகுதான் முதல் எதிராளியைப் பார்த்தார். 17 ஓட்டம், 176 கஜம். ஆட்டம் 28–3.

ஆனால் இரண்டாவது கட்சியிலும் முழுதாக உட்கார மனம் வரவில்லை. அந்த இடைவெளிக்குள் நுழைகிற எல்லோரும் அறுபது கஜம் ஓடிவிடுவதில்லை. வாஷிங்டனுக்கு எதிரான அரையிறுதி மாதிரியான ஆட்டத்தில் தம் அணியின் முதல் தாக்குதலிலேயே 60 கஜம் ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன். அதற்கு முந்தைய வாரம் பனி கொட்டிக்கொண்டிருக்க, ராம்ஸ் அணிக்கு எதிராக 62 கஜம் ஒன்று, 78 கஜம் ஒன்று. முன்வரிசை கொடுப்பது முதல் பத்து கஜம். மீதி அவர் கால். நவம்பரில் ஜாக்சன்வில் அணிக்கு எதிராக, பந்தைப் பிடித்து, ஒருவனைச் சுழன்று கடந்து, எதிர்ப்பக்கம் பார்த்தபடியே பின்னோக்கி எம்பி இன்னொருவன் தலைக்குமேல் தாண்டினாரே, அதற்கு எந்த லைன்மேனும் உரிமை கொண்டாட முடியாது.

ஜயண்ட்ஸிலேயே இருந்திருந்தால் இதே இரண்டாயிரம் வந்திருக்குமா?

வந்திருக்காது. 2023இல் எங்கள் குவார்ட்டர்பேக்குகள் பந்தை எறியுமுன் 85 முறை வீழ்த்தப்பட்டார்கள். லீக் வரலாற்றில் இதைவிட மோசம் ஒன்றே ஒன்றுதான், 1986இல் 104. அது ஈகிள்ஸ், மைத்துனனிடம் சொல்ல எனக்கு மிச்சமிருக்கும் ஒரே பதிலடி. பார்க்லியின் ஆறு ஆண்டுகளில் மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள். ஆறு பருவத்திலும் சேர்த்து 5,211 கஜம்.

ஈகிள்ஸ் எப்போதும் இப்படிச் செலவழிக்கும் அணியா?

இல்லை, அதுதான் ஆச்சரியம். பொது மேலாளர் ஹௌவி ரோஸ்மன் ரன்னிங் பேக் விஷயத்தில் கையை இறுக்கிப் பிடிப்பவர் என்றே பெயர். மைல்ஸ் சாண்டர்ஸ் 2022இல் ஆயிரம் கஜம் ஓடினார், போகவிட்டார்கள். டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் 2023இல் ஆயிரம் ஓடினார், அவரையும் விட்டார்கள். 2015இல் மட்டும் டிமார்கோ முரேவுக்கு ஐந்து ஆண்டு, 4 கோடி கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு 1,845 கஜத்துடன் லீக்கில் முதலிடம் பிடித்தவர், இங்கே 702தான் ஓடினார், மறு ஆண்டே வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அது ரோஸ்மன் அதிகாரம் இழந்து ஓரமாக இருந்த ஆண்டு.

அப்படிப்பட்டவர் ஏன் பார்க்லிக்குக் கொடுத்தார்? அவர் அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் வாங்கி முடித்திருந்தார். கடைசியில் கொஞ்சம் நெய் வாங்கினார். நாங்கள் 2018இல் நெய்யை முதலில் வாங்கிவிட்டு அடுப்பைத் தேடினோம்.

அப்படியானால் தவறு 2024இல் இல்லை, 2018இல் என்கிறீர்களா?

ஆம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

2018இல் ஜயண்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு 37 வயது. முன்வரிசை ஓட்டை. முந்தைய பருவத்தில் மூன்று வெற்றி. இரண்டாவது தேர்வு கையில். அப்போதைய பொது மேலாளர் டேவ் கெட்டில்மன் ரன்னிங் பேக்கை எடுத்தார். ஆறாவது இடத்தில் குவென்டன் நெல்சன் என்ற லைன்மேன் இண்டியானாபொலிஸுக்குப் போனார், முதல் மூன்று பருவமும் லீக்கின் மிகச் சிறந்தவர்கள் பட்டியலில் இடம். ஏழாவது இடத்தில் ஜாஷ் ஆலன் என்ற குவார்ட்டர்பேக். 32ஆவது இடத்தில் லமார் ஜாக்சன், அவரும் குவார்ட்டர்பேக். இருவருமே பிற்பாடு லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார்கள்.

"ரன்னிங் பேக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இரண்டாவது சுற்றில் 34ஆவது தேர்வும் எங்களுடையதே. அதில் வில் ஹெர்னாண்டஸ் என்ற லைன்மேனை எடுத்தோம். அடுத்த நொடி, 35ஆவது இடத்தில், கிளீவ்லண்ட் எடுத்தது நிக் சப்பை. 2019 முதல் 2022 வரை நான்கு பருவமும் ஆயிரம் கஜம் தாண்டிய ரன்னிங் பேக். முதலில் நெல்சன், பிறகு சப் என்று வரிசையை மட்டும் திருப்பிப் போட்டிருந்தால்? நடந்து முடிந்த டிராஃப்டைத் திருப்பி ஆடுவது வெட்டிவேலை என்று தெரியும். ஆனாலும் இரவு பதினோரு மணிக்கு இதைச் செய்யாத ரசிகன் ரசிகனே இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை அரிப்பது வேறு. அதே 2018 டிராஃப்டில், மொத்தம் 256 பேர் எடுக்கப்பட்டதில், 233ஆவதாக ஈகிள்ஸ் ஒருவரை எடுத்தது. கல்லூரிக் கால்பந்தே ஆடாதவர். அந்த ஆள்தான் மைலாட்டா. ஓடுகிறவனுக்கு நாங்கள் இரண்டாவது தேர்வைக் கொடுத்தோம், வழி திறக்கிறவனை அவர்கள் கடைசிச் சுற்றில் எடுத்து பொறுமையாகப் பழக்கினார்கள். ஆறாண்டு கழித்து எங்கள் ஆள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

2024இல் விட்டதில் தவறே இல்லையா, பின்னே?

விட்டதில் இல்லை, விட்ட விதத்தில் இருக்கிறது. வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லையென்றால் 2023 பருவத்தின் நடுவில் வேறு அணிக்கு மாற்றி, பதிலுக்கு டிராஃப்ட் தேர்வு ஒன்றாவது வாங்கியிருக்க வேண்டும். அப்போதே தோல்விமேல் தோல்வி, பிளேஆஃப் கனவு கரைந்துகொண்டிருந்தது. விற்கவுமில்லை, வைத்துக்கொள்ளவுமில்லை. கடைசியில், ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் இருக்கும், ஆண்டுக்கு இரண்டு முறை மோத வேண்டிய எதிரியிடம் போய்ச் சேர்ந்தார்.

அந்த வசந்தத்தில் ஜயண்ட்ஸ் அலுவலகத்துக்குள் தொலைக்காட்சிக் காமிராக்கள் இருந்தன. சேக்வான் ஃபிலடெல்ஃபியா போனால் தமக்குத் தூக்கம் வராது என்று முதலாளி ஜான் மாரா மேலாளரிடம் சொல்வது ஜூலையில் ஒளிபரப்பாகி உலகமே பார்த்தது. அதற்குள் சேக்வான் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. பருவம் முழுக்க, ஒவ்வொரு ஞாயிறும் பார்க்லி நூறு கஜம் தாண்டியதும், மைத்துனனிடமிருந்து எனக்கு ஒரே செய்திதான் வரும்: "அத்தான், தூக்கம் வருகிறதா?"

பதிலுக்கு வந்தவர்கள் எப்படி?

டெவின் சிங்கிள்டரி, மூன்று ஆண்டு, 1.65 கோடி. ஒழுங்கான ஆட்டக்காரர், அவ்வளவுதான். சுவாரசியமானவர் டைரோன் டிரேசி. ஐந்தாவது சுற்றில் எடுத்த பையன். கல்லூரியில் பெரும்பகுதி பந்து பிடிக்கும் ரிசீவராக இருந்து கடைசியில் ரன்னிங் பேக் ஆனவர். முதல் பருவத்திலேயே 839 கஜம். மலிவு ரன்னிங் பேக் கட்சிக்காரர்கள் இவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதே டிரேசி மியூனிக்கில் கரோலைனாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் முதல் ஓட்டத்திலேயே பந்தை நழுவவிட்டு ஆட்டத்தைக் கொடுத்ததை அவர்கள் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், ஆனால் பையன்மேல் கோபமில்லை; 103 கஜம் ஓடிய பின்தான் நழுவியது என்றே நினைவில் வைத்திருக்கலாமே என்பான் என் மகன்.

ஆகஸ்டில் 53 பேராகக் குறைக்கும்போது எத்தனை ரன்னிங் பேக் வைப்பார்கள்?

பெரும்பாலும் மூன்று, சில அணிகள் நான்கு. பயிற்சி முகாமில் 90 பேர் இருப்பார்கள். மாத இறுதியில் ஒரே நாளில் 53. மூன்றாமவர் யார் என்பதில் ரசிகர்கள் சண்டை போடுவதுபோல வேறெதற்கும் போடுவதில்லை. முன்னோட்ட ஆட்டத்தில் எண்பது கஜம் ஓடிய பையனை நீக்கிவிட்டார்களே என்று கொதிப்பார்கள். மூன்றாம் ரன்னிங் பேக் பந்தோடு ஓடுவதே அரிது. உதைத்த பந்தைத் துரத்திப் போய் எதிராளியைச் சாய்க்கத் தெரிய வேண்டும், குவார்ட்டர்பேக்கை நோக்கி வருகிறவன்மேல் மோதித் தடுக்கத் தெரிய வேண்டும். அது தெரியாதவர் எவ்வளவு அழகாக ஓடினாலும் வெளியேதான். நீக்கப்பட்டவரை வேறு அணி எடுத்துக்கொள்ளாவிட்டால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள், ஆகவே அழவேண்டியதில்லை.

பார்க்லி துரோகியா?

இல்லை. ஜயண்ட்ஸின் பழைய ரன்னிங் பேக், அணியின் வரலாற்றில் அதிக கஜம் ஓடிய டிகி பார்பர், வானொலியில் பார்க்லி தமக்குச் செத்தவர் மாதிரி என்று பொருள்படப் பேசினார். பார்க்லியும் சும்மா இருக்கவில்லை, சமூக ஊடகத்தில் திருப்பிக் கொடுத்தார். கையில் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டாதவர்களிடம் விசுவாசம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அவர் வளர்ந்ததே பென்சில்வேனியாவில், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்.

கடைசி ஆட்டத்தில் உட்காரவைத்தது சரியா?

எரிக் டிக்கர்சன் 1984இல் ஓடிய 2,105தான் ஒரு பருவச் சாதனை. பார்க்லிக்கு 101 கஜம் தேவை, ஓர் ஆட்டம் மிச்சம், எதிரணி யார் என்றால் நாங்களேதான். விதி இதைவிட அழகாகக் கதை எழுத முடியாது. பிளேஆஃப் இடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் ஈகிள்ஸ் அவரை ஆடவிடவில்லை. ரசிகனாக எனக்கு நிம்மதி, எங்கள்மேல் ஏறி நின்று சாதனை படைப்பதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கால்பந்து பார்ப்பவனாக ஏமாற்றம். முடிவு சரிதான்: பிளேஆஃபையும் சேர்த்து அந்தப் பருவத்தில் 2,504 கஜம் ஓடி, டெரல் டேவிஸ் 1998இல் வைத்த 2,476ஐத் தாண்டிவிட்டார். கால் உடைந்திருந்தால் அதுவுமில்லை, கோப்பையுமில்லை.

பிறகு ஈகிள்ஸ் கொடுத்த பெரிய உயர்வு?

2025 மார்ச்சில் மேலும் இரண்டு ஆண்டு, 4.12 கோடி. ஆண்டுக்கு இரண்டு கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக். ஒரே பருவத்தில் பந்தை 345 முறை சுமந்த உடம்புக்கு, 28 வயதில். 2025இல் பழைய ஓட்டம் வரவில்லை, முன்வரிசையிலும் காயங்கள். நான் மேலே எழுதிய கணக்கு உண்மையானால் வரக் கூடாது என்பதும் உண்மைதான். ரோஸ்மன் நெய்க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்றே நினைக்கிறேன். மைத்துனன் அதற்குப் பதில் சொல்வதில்லை, கோப்பை ஊர்வலத்தின் படத்தை அனுப்புகிறான்.

உங்கள் வீட்டில் இருந்த 26ஆம் எண் சட்டை என்ன ஆயிற்று?

சிலர் எரித்தார்கள். எங்கள் வீட்டில் நூற்றிருபது டாலர் பொருளை எரிக்கும் வழக்கமில்லை. மகனுக்கு அது சின்னதாகிவிட்டது, மகள் இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். சென்ற தீபாவளிக்கு மைத்துனன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். அதே எண், அதே பெயர், பச்சை நிறம், மகனுடைய அளவு. மகன் என் முகத்தைப் பார்த்தான். "போட்டுக்கொள்ளடா, மாமா வாங்கி வந்தது" என்றேன். போட்டுக்கொண்டான். சரியாகத்தான் இருந்தது.